போர்டு இஷ்டத்துக்கு ஆடுகிறதா? அறிகுறியை வைத்து ரேம், ஸ்டாக் கோளாறைப் பிடிப்பது எப்படி

நிரலின் கோடைத் திரும்பத் திரும்பப் படித்தாகிவிட்டது. ஒயரிங் சரி, கம்பைலரும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. ஆனாலும் போர்டு திடீரென்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறது, யாரும் தொடாத வேரியபிள் மாறிப்போகிறது, ஒரு பிரின்ட் வரியை நீக்கினால் எல்லாம் நின்றுவிடுகிறது. இந்த மாதிரி நேரத்தில் பலரும் முதலில் லைப்ரரி மேல் பழி போடுவார்கள், அப்புறம் போர்டு மேல், கடைசியில்தான் ரேம் ஞாபகத்துக்கு வரும். அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்பேன். சின்ன மைக்ரோகன்ட்ரோலரில் விளக்கம் சொல்ல முடியாத கோளாறு என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் ரேம்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன், உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிப் போக வேண்டாம், மற்றதெல்லாம் அதை நம்பித்தான் இருக்கிறது.

## ரேமுக்குள் யார் யார் குடியிருக்கிறார்கள்

ஆர்டுயினோ யூனோவில் இருக்கும், ஏவிஆர் வகையைச் சேர்ந்த ஏடிமெகா328பி சிப்பை எடுத்துக்கொள்வோம். ஃப்ளாஷ் 32 கிலோபைட், ரேம் வெறும் 2 கிலோபைட், அதாவது 2048 பைட். ஃப்ளாஷில் ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர் போதும், எஸ்ரேமில் (இந்தச் சிப்பின் ரேம் அந்த வகைதான்) வழக்கமாக ஆறு வேண்டும். அதனால் எந்தச் சிப்பிலும் ரேம்தான் முதலில் தீரும் சரக்கு.

இந்தச் சிப்பில் டேட்டா முகவரி 0 முதல் 255 வரை சிபியு ரிஜிஸ்டர்களும் ஐஓ ரிஜிஸ்டர்களும். உண்மையான ரேம் 256-இல் தொடங்கி 2303-இல் முடிகிறது. அடியில் முதலில் வருபவை ஆரம்ப மதிப்புள்ள குளோபல் வேரியபிள்கள் (டேட்டா பகுதி), அதற்கு மேல் ஆரம்ப மதிப்பு இல்லாத குளோபல்கள் (பிஎஸ்எஸ் பகுதி). மெயின் ஃபங்ஷன் தொடங்கும் முன்பே ஒரு சின்ன ஸ்டார்ட்டப் கோடு ஓடி, முதல் பகுதிக்கான மதிப்புகளை ஃப்ளாஷிலிருந்து நகலெடுத்து, இரண்டாவது பகுதியை முழுக்க பூஜ்யம் ஆக்கிவிடுகிறது. அதற்கும் மேலே ஹீப், ஓடும்போது இடம் கேட்டு வாங்கும் மாலாக் ஃபங்ஷன் கேட்கக் கேட்க மேல்நோக்கி வளரும். ஸ்டாக் மறுகோடியில், 2303-இல் ஆரம்பித்துக் கீழ்நோக்கி இறங்கும்.

ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால் ஸ்டாக்கில் என்ன ஏறுகிறது? திரும்பி வர வேண்டிய முகவரி (இந்தச் சிப்பில் 2 பைட்), பத்திரப்படுத்த வேண்டிய ரிஜிஸ்டர்கள், ரிஜிஸ்டரில் அடங்காத லோக்கல் வேரியபிள்கள். ஃபங்ஷன் முடிந்ததும் ஸ்டாக் பாயின்டர் பழைய இடத்துக்கு நகர்கிறது, அவ்வளவுதான். உள்ளே இருந்த பைட்டுகளை யாரும் அழிப்பதில்லை, அடுத்து வருபவர் மேலே எழுதும் வரை அப்படியே கிடக்கும்.

ஹீப்புக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே சுவர் கிடையாது. இரண்டும் முட்டிக்கொண்டால் எந்த எச்சரிக்கையும் வராது, ஒன்றின் மேல் ஒன்று எழுதிக்கொண்டு போகும். அர்ரேயின் எல்லையைத் தாண்டி எழுதினாலும் அதே கதை. ஆக, கோளாறு செய்யும் வரி ஒரு இடத்தில் இருக்கும், கோளாறு தெரியும் வரி சம்பந்தமே இல்லாத வேறொரு ஃபைலில் இருக்கும். தெரிகிற வரியையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்தால் விடியாது. நினைவகத்தில் அதன் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று பாருங்கள்.

இன்னொன்று. ஆர்டுயினோ ஐடிஇ கம்பைல் முடிந்ததும் ‘குளோபல் வேரியபிள்கள் இத்தனை பைட்’ என்று காட்டுகிறதே, அது டேட்டாவும் பிஎஸ்எஸ்ஸும் மட்டுமே. ஸ்டாக் எவ்வளவு ஆழம் போகும், ஹீப் எவ்வளவு கேட்கும் என்பது அதில் கிடையாது. யூனோ மாதிரிப் போர்டுகளில் 75 சதவீதத்தைத் தாண்டினால் நினைவகம் குறைவு என்று ஒரு எச்சரிக்கை தரும், ஆனால் 60 சதவீதத்திலும் தாராளமாக இடிந்து விழலாம்.

## அறிகுறி: செட்டப் மறுபடி மறுபடி ஓடுகிறது, போர்டு தானாக ரீசெட் ஆவதுபோல் இருக்கிறது

இதுதான் அதிகம் பார்க்கக் கிடைப்பது. முதலில் கேட்க வேண்டியது, இது நிஜ ரீசெட்டா, ரீசெட் மாதிரித் தெரிவதா?

ஸ்டாக்கில் வைத்த திரும்பும் முகவரியின் மேல் யாராவது பூஜ்யத்தை எழுதிவிட்டால், ஃபங்ஷன் முடியும்போது சிபியு முகவரி 0-க்குத் தாவும். அங்கே இருப்பது ரீசெட் வெக்டர். ஸ்டார்ட்டப் கோடு ஓடும், செட்டப் ஓடும், பார்ப்பவருக்கு அச்சு அசல் ரீசெட். ஆனால் ஹார்டுவேரைப் பொறுத்தவரை எதுவும் நடக்கவில்லை, டைமர்கள் பழைய செட்டிங்கிலேயே ஓடிக்கொண்டிருக்கும், அவுட்புட் பின்கள் அவுட்புட்டாகவே இருக்கும்.

இதையே சோதனையாக்கலாம். உங்கள் கோடு அவுட்புட்டாக மாற்றும் ஏதாவது ஒரு பின்னைத் தேர்ந்தெடுங்கள் (போர்டில் இருக்கும் எல்இடி பின் வேண்டாம், முதலில் ஓடி, புதிய கோடை ஏற்றித் தரும் பூட்லோடர் என்ற சின்ன நிரல் அதைத் தொட்டிருக்கலாம்). அந்தப் பின்னின் திசை ரிஜிஸ்டரை செட்டப்பின் முதல் வரியில், வேறு எதையும் செய்வதற்கு முன்னால் படித்து சீரியலில் அனுப்புங்கள். நிஜ ரீசெட் என்றால் அந்த பிட் 0. அது 1 என்று வந்தால் நீங்கள் ரீசெட் ஆகவில்லை, முகவரி 0-க்குத் தாவி வந்திருக்கிறீர்கள்.

பவர், ரீசெட் பின், பிரவுன்அவுட் (மின்னழுத்தம் எல்லைக்குக் கீழே சரிவது), வாட்ச்டாக் (கோடு நின்றுபோனால் ரீசெட் செய்யும் டைமர்) ஆகிய நான்கில் எது காரணம் என்று சொல்ல எம்சியூஎஸ்ஆர் என்ற ரிஜிஸ்டர் இருக்கிறது, ஆனால் பூட்லோடர் உள்ள போர்டில் அது உங்கள் கைக்கு வரும் முன்பே அழிக்கப்பட்டிருக்கலாம். புரோகிராமர் வைத்து பூட்லோடர் இல்லாமல் ஏற்றினால் நம்பலாம்.

தாவல்தான் என்று தெரிந்துவிட்டதா? ஸ்டாக்கைத் தேடப் போவதற்கு முன் ஒரு நிமிட வேலை ஒன்று இருக்கிறது. ஒரு இன்டரப்டை (ஓடும் வேலையை இடைமறிக்கும் ஹார்டுவேர் அழைப்பு) எனேபிள் செய்துவிட்டு, அது வரும்போது ஓட வேண்டிய ஹேன்ட்லர் ஃபங்ஷனை எழுத மறந்தால், ஏவிஆர் ஜிசிசி கம்பைலர் அந்த வெக்டரை முகவரி 0-க்கே திருப்பி விடுகிறது. ஹேன்ட்லர் பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் இதே விளைவுதான், கம்பைலர் ஒரு எச்சரிக்கை தரும், அதை யார் படிக்கிறார்கள்! எனேபிள் செய்த இன்டரப்டுகளை எண்ணிப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் ஹேன்ட்லர் இருக்க வேண்டும்.

அதுவும் சரியென்றால் ஸ்டாக்தான். ஒரு கணக்குப் போடுவோம். குளோபல்கள் 1500 பைட், மிச்சம் 548. ஒரு ஃபங்ஷனில் 200 பைட் லோக்கல் பஃபர், அது கூப்பிடும் இன்னொன்றில் 128 பைட் பஃபர். மிச்சம் 220. இரண்டாவது ஃபங்ஷன், சரம் அமைத்துத் தரும் எஸ்பிரின்ட்எஃப்-ஐக் கூப்பிடுகிறது, அதற்குள் இன்னும் நாலைந்து அடுக்கு. அந்த நேரம் பார்த்து ஒரு இன்டரப்ட் வருகிறது. வேறொரு ஃபங்ஷனைக் கூப்பிடும் ஹேன்ட்லர் என்றால், கம்பைலர் அதன் நுழைவில் 15 ரிஜிஸ்டர்களைத் தள்ளும், திரும்பும் முகவரியோடு சேர்த்து 17 பைட், அதற்கு மேல் அந்த ஃபங்ஷன் தின்பது தனி. இதில் எங்கேயாவது ஹீப்பும் 100 பைட் பிடித்து வைத்திருந்தால் முடிந்தது கதை. ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கும், எல்லாம் ஒரே சமயத்தில் அடுக்கப்படும்போதுதான் இடிக்கிறது. ‘எப்போதாவது மட்டும் ரீசெட் ஆகிறது’ என்பதன் காரணமும் அதுவே, இன்டரப்ட் அந்த ஆழமான இடத்தில் விழ வேண்டும்.

ஜிசிசி-யில் ஸ்டாக் யூசேஜ் என்று ஒரு ஆப்ஷன் உண்டு. போட்டால் ஒவ்வொரு ஃபங்ஷனும் எத்தனை பைட் ஸ்டாக் எடுக்கிறது என்று தனி ஃபைலாக எழுதித் தரும். பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினாலே பாதிப் பேர் மாட்டிவிடுவார்கள். தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும் ரிகர்ஷன் எங்கேயாவது இருந்தால் அதை லூப்பாக மாற்றுங்கள், இவ்வளவு சின்ன ரேமில் அதற்கு இடமில்லை. பெரிய லோக்கல் பஃபர்களை ஸ்டேடிக் ஆக்குங்கள். இதனால் ரேம் மிச்சமாகாது, ஆனால் அந்த பைட்டுகள் கம்பைலரின் கணக்கில் ஏறி, கம்பைல் செய்யும்போதே கண்ணில் படும். ஒளிந்திருக்கும் 200 பைட்டைவிடக் கண் முன்னால் இருக்கும் 200 பைட் எவ்வளவோ மேல்.

## அளக்காமல் மாற்றாதீர்கள்

ஃப்ரீ மெமரி காட்டும் ஒரு சின்ன ஃபங்ஷன் இணையம் முழுக்கச் சுற்றுகிறது. ஒரு லோக்கல் வேரியபிளின் முகவரியிலிருந்து ஹீப்பின் உச்சியைக் கழித்துச் சொல்லும். நல்ல கருவிதான், ஆனால் அது சொல்வது அந்தக் கணத்தின் நிலவரம். லூப்பில் வைத்துக் கூப்பிட்டால் எப்போதும் ஒரே எண்ணைக் காட்டி உங்களைத் தூங்க வைக்கும், ஏனென்றால் ஸ்டாக் ஆழமாக இறங்கிய கணத்தில் அது ஓடவில்லை.

சரியான வழி, காலி இடத்துக்குப் பெயின்ட் அடிப்பது. ஸ்டார்ட்டப்பிலேயே பிஎஸ்எஸ் முடியும் இடத்திலிருந்து ஸ்டாக் பாயின்டருக்குச் சற்றுக் கீழே வரை ஒவ்வொரு பைட்டிலும் 165 என்று எழுதிவிடுங்கள் (ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சின்ன இயங்குதளம் பயன்படுத்தும் அதே எண்). போர்டை நன்றாக ஓட விடுங்கள். பிறகு ஹீப்பின் உச்சியிலிருந்து மேல்நோக்கி, 165 மாறாமல் எத்தனை பைட் மிச்சம் என்று எண்ணுங்கள். ஸ்டாக் எப்போதாவது ஒரு கணம் இறங்கியிருந்தாலும் அதன் தடம் அழிந்திருக்காது.

நன்றாக ஓட விடுவது என்றால் மேசையில் சும்மா வைத்திருப்பது அல்ல. மெனுவின் கடைசி அடுக்கு வரை போங்கள், சென்சார் ஒயரைப் பிடுங்கிப் பிழைச் செய்தி வரவழையுங்கள், சீரியலில் நீளமான தகவலைக் கொட்டுங்கள். பிழையைக் கையாளும் பாதைகள்தான் பொதுவாக அதிக ஸ்டாக் தின்பவை, அவற்றை யாரும் சோதிப்பதும் இல்லை. இதற்கெல்லாம் பிறகும் 100 பைட்டுக்கு மேல் பெயின்ட் மிச்சமிருந்தால் யூனோவில் நான் நிம்மதியாக இருப்பேன். 20 பைட் என்றால் அடுத்த மாற்றத்தில் மாட்டுவீர்கள்.

## அறிகுறி: ஒரு வேரியபிள் தானாக மாறுகிறது

மாறிய மதிப்பைக் குறித்து வையுங்கள், அதுவே தடயம். 48 முதல் 57 வரை இருந்தால் அவை 0 முதல் 9 வரையான இலக்கங்களின் ஆஸ்கி எண்கள், 32 முதல் 126 வரை பொதுவாக ஏதோ ஒரு உரை. யாரோ சரத்தை எழுதும்போது கோட்டைத் தாண்டியிருக்கிறார்கள். பூஜ்யம் ஆனால் சரத்தின் முடிவில் வைக்கும் அந்தப் பூஜ்ய பைட்டைச் சந்தேகப்படுங்கள். 8 எழுத்துச் சொல்லை 8 பைட் அர்ரேயில் வைத்தால் ஒன்பதாவது பைட் பக்கத்து வேரியபிளின் தலையில் விழும். ஏவிஆரிலும் கார்டெக்ஸ்-எம்மிலும் (எஸ்டிஎம்32 போன்ற சிப்புகளில் இருக்கும் சிபியு) எண்ணின் கீழ் பைட்தான் முதலில் இருப்பதால், 300 இருந்த இடத்தில் 256 தெரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள், கீழ் பைட்டான 44 மட்டும் பூஜ்யமாகியிருக்கிறது.

அடுத்து மேப் ஃபைல். லிங்கர் தரும் இந்த ஃபைலில் ஒவ்வொரு குளோபலும் எந்த முகவரியில் உட்கார்ந்திருக்கிறது என்று இருக்கும். அர்ரேக்கள் மேல்நோக்கித்தான் வழியும், ஆகவே கெட்டுப்போன வேரியபிளுக்குச் சற்றுக் கீழ் முகவரியில் ஏதாவது அர்ரே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் எழுதும் எல்லா இடங்களையும், குறிப்பாக ‘சிறியது அல்லது சமம்’ என்று ஓடும் ஃபார் லூப்புகளைத் துருவுங்கள். பக்கத்தில் அர்ரே எதுவும் இல்லை, கெட்டுப்போனது குளோபல்களில் கடைசியாக, உச்சி முகவரியில் இருக்கிறது என்றால் மேலிருந்து இறங்கி வந்த ஸ்டாக்தான் குற்றவாளி, செட்டப் மறுபடி ஓடும் பகுதிக்குத் திரும்புங்கள். இந்த ஒரு கேள்வி, நடுவிலா உச்சியிலா என்பது, பல மணி நேர அலைச்சலை மிச்சப்படுத்தும்.

டீபக்கர் இருந்தால் இன்னும் சுலபம். அந்த முகவரியில் ஒரு வாட்ச்பாயின்ட் வையுங்கள், யார் எழுதினாலும் அந்த வரியிலேயே சிபியு நின்றுவிடும்.

இரண்டு நுணுக்கமான காரணங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, லோக்கல் அர்ரேயின் முகவரியை ரிட்டர்ன் செய்யும் ஃபங்ஷன். ரிட்டர்ன் ஆனதும் பைட்டுகள் அப்படியே கிடப்பதால் உடனே படித்தால் சரியாகவே தெரியும், அடுத்த ஃபங்ஷன் கூப்பிட்டதும் கலைந்துவிடும். இரண்டு, டிஎம்ஏ, அதாவது சிபியு இல்லாமலே நினைவகத்தில் நேரடியாக எழுதும் ஹார்டுவேர். லோக்கல் பஃபரை டிஎம்ஏ-விடம் கொடுத்துவிட்டு ஃபங்ஷன் முடிந்துவிட்டால், அது பாட்டுக்கு அந்த முகவரியில் எழுதிக்கொண்டே இருக்கும், அங்கே இப்போது இருப்பதோ வேறு யாருடைய லோக்கல் வேரியபிளோ திரும்பும் முகவரியோ. இதை வாட்ச்பாயின்ட்டும் பிடிக்காது, எழுதுவது சிபியு இல்லையே. டிஎம்ஏ பஃபர் எப்போதும் குளோபலாகவோ ஸ்டேடிக்காகவோ இருக்கட்டும்.

## அறிகுறி: பிரின்ட் வரி போட்டால் சரியாகிறது, எடுத்தால் கெடுகிறது

தயவுசெய்து அந்த பிரின்ட் வரியை அப்படியே விட்டுவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று மூடிவிடாதீர்கள். வரி சேர்ந்ததும் இரண்டு விஷயங்கள் மாறியிருக்கின்றன, நினைவகத்தில் இருக்கைகள் நகர்ந்திருக்கின்றன, நேரமும் மாறியிருக்கிறது. எதனால் சரியானது என்று பிரித்துப் பாருங்கள். பிரின்ட்டை எடுத்துவிட்டு, ஏறக்குறைய அதே நேரம் பிடிக்கும் ஒரு டிலே போடுங்கள். சரியானால் உங்களுடையது இன்டரப்டுக்கும் மெயின் லூப்புக்கும் இடையிலான நேரச் சிக்கல். டிலேயையும் எடுத்துவிட்டு, பயன்படுத்தாத ஒரு 16 பைட் குளோபல் அர்ரேயை நுழையுங்கள் (கம்பைலர் தூக்கி எறியாதபடி வாலடைல் போட்டு ஒரு முறை தொடுங்கள்). அதற்கு அறிகுறி மாறினாலோ மறைந்தாலோ யாரோ எல்லை தாண்டி எழுதுகிறார்கள், இப்போது அந்த அடியை உங்கள் போலி அர்ரே வாங்கிக்கொள்கிறது. அதற்குள் எட்டிப் பார்த்தால் வந்தவரின் கைரேகையே கிடைக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு, பிரின்ட் போடப் போடத்தான் கெடுகிறது. ஏவிஆரில் மேற்கோள் குறிக்குள் எழுதும் ஒவ்வொரு செய்தியும் ஃப்ளாஷில் மட்டும் இருப்பதில்லை, ஸ்டார்ட்டப்பில் ரேமுக்கும் நகலாகிறது. 40 எழுத்துச் செய்தி என்றால் 41 பைட் ரேம் போச்சு. அப்படிப் பத்துச் செய்தி போட்டால் 410 பைட், யூனோவின் ரேமில் ஐந்தில் ஒரு பங்கு, பிழை தேடவே செலவு! ஆர்டுயினோவில் அந்தச் சரங்களை எஃப் மேக்ரோவுக்குள் போடுங்கள், ஃப்ளாஷிலேயே இருந்து நேராகப் படிக்கப்படும். அட்டவணைகளை அப்படி ஃப்ளாஷிலேயே வைக்கப் புரோக்மெம். இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு ரேம் மீட்டுத் தரும் வேலை வேறு கிடையாது, எதற்கும் முன்பாக இதைச் செய்யலாம்.

## அறிகுறி: சில மணி நேரம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் செய்திகள் அரைகுறையாக வருகின்றன, பின்பு நின்றுவிடுகிறது

ஹீப் துண்டு துண்டாகிவிட்டது. ஸ்ட்ரிங் வகையில் ஒன்றோடு ஒன்று சேர்த்து ஒட்டிக்கொண்டே போகும் கோடு என்றால் கிட்டத்தட்ட நிச்சயம். ஒவ்வொரு முறை நீளும்போதும் பெரிய துண்டு ஒன்று வேண்டும், பழைய துண்டு விடுவிக்கப்படும், நடுவில் வேறொரு ஸ்ட்ரிங் உட்கார்ந்துகொள்ளும். மொத்தக் காலியிடம் 600 பைட் இருந்தாலும் ஒரே தொடர்ச்சியாக 90 பைட்டுக்கு மேல் கிடைக்காத நிலை வரும். ஆர்டுயினோவின் ஸ்ட்ரிங் அப்போது கத்தாது, சேர்க்கச் சொன்னதைச் சேர்க்காமல் பேசாமல் இருந்துவிடும். ‘எழுத்துகள் காணாமல் போகின்றன’ என்பது அதனால்தான்.

ஸ்ட்ரிங்கே கூடாது என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. செட்டப்பில் ஒரு முறை ரிசர்வ் செய்து தேவையான முழு நீளத்தையும் பிடித்து வைத்துவிட்டு அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் துண்டாக வழியே இல்லை. ஆனால் 2 கிலோபைட் சிப்பில், நீளம் குறித்த கேரக்டர் அர்ரேயும் எஸ்என்பிரின்ட்எஃப்-உம்தான் என் தேர்வு. நடுவில் ‘என்’ இல்லாத பழைய எஸ்பிரின்ட்எஃப் எல்லையைப் பார்க்காது, அதை விட்டுவிடுங்கள்.

மாலாக் நேரடியாகப் பயன்படுத்தினால் நல் பாயின்டர் வந்ததா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பெரிய கணினியில் நல் முகவரியில் எழுதினால் நிரல் அங்கேயே சாகும். ஏடிமெகா328பி-யில் டேட்டா முகவரி 0 என்பது சிபியு-வின் முதல் ரிஜிஸ்டர், அங்கிருந்து 32 பைட்டும் ரிஜிஸ்டர்களே. நல் பாயின்டரில் எழுதினால் சிபியு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் எண்களையே மாற்றுகிறீர்கள்.

ரேமைக் குறை சொல்லும் முன், நின்று போகும் நேரம் எப்போதும் ஒன்றேதானா என்றும் பாருங்கள். மில்லிஸ் எண்ணி 49.7 நாளிலும், மைக்ரோஸ் எண்ணி 71.6 நிமிடத்திலும் பூஜ்யத்துக்குத் திரும்பும். ஹீப் அப்படிக் கடிகாரம் பார்த்து உடையாது.

## அறிகுறி: கம்பைலர் இடம் இருக்கிறது என்கிறது, டிஸ்ப்ளே மட்டும் உயிர் பெறவில்லை

128×64 ஒற்றை நிறத் திரை என்றால் 8192 பிட், 1024 பைட் பஃபர். பல லைப்ரரிகள் இதை ஓடும்போது மாலாக் வைத்துக் கேட்கின்றன, அதனால் கம்பைல் கணக்கில் வராது. குளோபல்கள் 60 சதவீதம் என்று காட்டினால் சுமார் 1229 பைட் போய்விட்டது, மிச்சம் 819. எங்கிருந்து 1024 தருவது? பிகின் ஃபங்ஷன் ஃபால்ஸ் திருப்பித் தருகிறதா என்று பாருங்கள். தந்தால், ஒரு சமயத்தில் ஒரு பக்கம் மட்டும் வரையும் லைப்ரரிக்கு மாறுங்கள், 128 பைட் போதும்.

## அறிகுறி: எஸ்டிஎம்32 மாதிரிச் சிப்பில் ஹார்ட்ஃபால்ட்டில் போய் நிற்கிறது

ஏவிஆர்காரர்களைவிட நீங்கள் கொடுத்து வைத்தவர்கள், உங்கள் சிப்பாவது நின்று சொல்கிறது. ஃபால்ட் வரும்போது கார்டெக்ஸ்-எம் தானாகவே 8 வார்த்தை, அதாவது 32 பைட், ஸ்டாக்கில் தள்ளுகிறது. முதல் நான்கு ரிஜிஸ்டர்கள், பன்னிரண்டாவது ரிஜிஸ்டர், லிங்க் ரிஜிஸ்டர், புரோகிராம் கவுன்ட்டர், நிலை ரிஜிஸ்டர் என்ற வரிசையில். மிதவைப் புள்ளி யூனிட் பயன்பாட்டில் இருந்தால் 104 பைட் வரை போகும். டீபக்கரில் அந்தப் புரோகிராம் கவுன்ட்டரைப் படித்தால் எந்த வரியில் விழுந்தது என்று தெரியும். அது ஃப்ளாஷ் எல்லைக்குள்ளேயே இல்லை, அல்லது பைட் பைட்டாகப் பிரித்தால் எழுத்துகளாகத் தெரிகிறது என்றால், திரும்பும் முகவரியின் மேல் யாரோ உரையை எழுதியிருக்கிறார்கள்.

அடுத்து ஸ்டாக் பாயின்டரையே பாருங்கள். அது பிஎஸ்எஸ் பகுதிக்குள் இறங்கியிருந்தால் வேறு விசாரணை வேண்டாம். எம்3, எம்4 வகைகளில் ஃபால்ட் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டர் ஸ்டாக்கில் தள்ளும்போதே பிழையா என்று தனி பிட்டில் சொல்லும், எம்0-வில் அந்த வசதி இல்லை.

எஸ்டிஎம்32கியூப்ஐடிஇ தரும் லிங்கர் ஸ்கிரிப்டில் குறைந்தபட்ச ஸ்டாக் 1024 பைட், ஹீப் 512 பைட் என்று இருப்பதைப் பார்த்து ஸ்டாக்குக்கு 1024 பைட் எல்லை இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அது லிங்க் செய்யும்போது அவ்வளவு இடம் மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும். ஓடும்போது யாரும் காவல் நிற்பதில்லை. காவல் வேண்டுமானால் ஸ்டாக்கை ரேமின் அடிமட்டத்துக்கு மாற்றி, குளோபல்களை அதற்கு மேல் வையுங்கள். வழிந்தால் ரேமுக்கு வெளியே எழுத முயன்று அதே கணத்தில் ஃபால்ட் ஆகும், பக்கத்து வேரியபிள் கெடாது. லிங்கர் ஸ்கிரிப்டில் சில வரிதான், ஏன் எல்லோரும் செய்வதில்லை என்று எனக்குப் புரியவே இல்லை. எம்33 போன்ற புதிய கோர்களில் ஸ்டாக் லிமிட் ரிஜிஸ்டரே இருக்கிறது.

## அறிகுறி: ஆர்டிஓஎஸ் போட்ட பிறகு ஒரு டாஸ்க் மட்டும் சாகிறது

ஆர்டிஓஎஸ் என்பது பல வேலைகளை (டாஸ்க்) மாற்றி மாற்றி ஓட்டும் சின்ன இயங்குதளம், அதில் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் தனி ஸ்டாக். மொத்த ரேம் எக்கச்சக்கமாகக் காலியாக இருந்தாலும் அந்த டாஸ்க்குக்குக் கொடுத்தது தீர்ந்தால் தீர்ந்ததுதான். மூல ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் ஸ்டாக் அளவு வார்த்தைக் கணக்கு, 32 பிட் சிப்பில் 128 என்றால் 512 பைட். இஎஸ்பி32 சிப்புக்கான இஎஸ்பி-ஐடிஎஃப்-இல் அதே இடத்தில் பைட் கணக்கு. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு கோடை நகலெடுத்து ஒட்டினால் ஸ்டாக் நான்கில் ஒன்றாகச் சுருங்கும்.

ஹை வாட்டர் மார்க் ஃபங்ஷன் மிச்சத்தைச் சொல்லும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ சோதனையை 2 என்று வையுங்கள், டாஸ்க் மாறும்போது ஸ்டாக்கின் கடைசி 16 பைட்டில் பெயின்ட் கலைந்ததா என்று பார்க்கும். டாஸ்க் மாறும்போதுதான் பார்க்கும் என்பதால் சேதம் அதற்குள் நடந்திருக்கலாம், ஆனாலும் எந்த டாஸ்க் என்று பெயர் கிடைக்கும்.

## அறிகுறி: பிக் அல்லது 8051-இல் ஆழமாகக் கூப்பிட்டால் வழி தவறுகிறது

பிக்16எஃப்877ஏ-யில் திரும்பும் முகவரிக்குத் தனி ஹார்டுவேர் ஸ்டாக், 8 அடுக்கு மட்டும். ஒன்பதாவது முதலாவதன் மேல் எழுதும், சத்தமே வராது. இன்டரப்டுக்கு ஒரு அடுக்கு ஒதுக்கிவிட்டு ஏழுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். 8051-இல் ஸ்டாக் மேல்நோக்கி வளர்கிறது, ரீசெட்டில் பாயின்டர் 7. முதலில் எழுதப்படும் முகவரி 8, அது ரிஜிஸ்டர் பேங்க் 1-இன் முதல் ரிஜிஸ்டர். அசெம்பிளியில் எழுதி அந்த பேங்க்கையும் பயன்படுத்தினால் பாயின்டரை முதலிலேயே மேலே நகர்த்துங்கள்.

## அறிகுறி: எண் எப்போதாவது ஒரு முறை மட்டும் கன்னாபின்னாவென்று வருகிறது

இன்டரப்டில் கூட்டப்படும் 16 பிட் எண்ணியா? 8 பிட் சிபியு அதை இரண்டு முறையில் படிக்கிறது. 255 இருக்கும்போது கீழ் பைட்டைப் படித்தாகிவிட்டது, அதற்குள் இன்டரப்ட் வந்து 256 ஆக்கிவிட்டது, திரும்பி வந்து மேல் பைட்டைப் படித்தால் கிடைப்பது 511. வாலடைல் போட்டால் மட்டும் இது தீராது. இன்டரப்டை ஒரு நொடிப்பொழுது அணைத்து, நகலெடுத்து, மறுபடி திறந்துவிடுங்கள்.

## அறிகுறி: பவர் ஆஃப் செய்து போட்டால் ஒரு மாதிரி, ரீசெட் பட்டன் அழுத்தினால் வேறு மாதிரி

ரீசெட் ரேமை அழிப்பதில்லை, பவர் போனால்தான் போகும், திரும்ப வரும்போது என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. குளோபல்களை ஸ்டார்ட்டப் கோடு பார்த்துக்கொள்கிறது, லோக்கல்களை யாரும் கவனிப்பதில்லை. ஆரம்ப மதிப்பு கொடுக்காத லோக்கல் ஒன்று எங்கோ இருக்கிறது. கம்பைலரின் எல்லா எச்சரிக்கைகளையும் திறந்துவிட்டால் அதுவே காட்டிக் கொடுக்கும்.

## மேலே எதிலும் சிக்கவில்லை என்றால்

பெயின்ட் நிறைய மிச்சம், மேப் ஃபைலில் சந்தேகப்பட யாரும் இல்லை, ஆனாலும் ரிலேயோ மோட்டரோ ஓடும்போது கெடுகிறது என்றால் மின்னழுத்தம் சரிகிறது. ஏடிமெகா328பி 16 மெகாஹெர்ட்ஸில் ஓட சுமார் 3.8 வோல்ட்டாவது வேண்டும். பிரவுன்அவுட் எல்லையை 2.7 வோல்ட்டில் வைத்திருந்தால், இந்த இரண்டுக்கும் நடுவே சிப் ரீசெட்டும் ஆகாமல் ஒழுங்காகவும் ஓடாமல், ரேமில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொண்டிருக்கும். 5 வோல்ட் போர்டு என்றால் சிப்புக்குள் இருக்கும் ஃபியூஸ் பிட் செட்டிங்கை மாற்றி எல்லையை 4.3-க்கு ஏற்றுங்கள். கெடும் இடமெல்லாம் அதற்குப் பிறகு சுத்தமான ரீசெட்டாக மாறினால், தேட வேண்டியது கோடில் இல்லை, பவர் சப்ளையில்.